எரிக்காத காகிதச் சட்டை

அக்கா, உங்களுடைய மண்ணிறப் பெட்டியை இன்றைக்குத்தான் அலுமாரிக்கு மேலிருந்து இறக்கினேன். தையில் ஊரில் என் தங்கச்சியின் மகளுக்குக் கலியாணம். என்னுடைய பெட்டியின் சில்லு போன முறை ஊரிலிருந்து வரும்போதே கழன்றுவிட்டது. உங்களுடையது சும்மாதானே கிடக்கிறது என்று இறக்கித் திறந்தேன். பூச்சி உருண்டை மணத்துக்கு உள்ளே இன்னொரு மணம் இருந்தது. ஊதுபத்தியும் ஈரக் காகிதமும் கொஞ்சம் மீன் சோஸும் கலந்த மணம். அந்தச் சோஸ் போத்தல் வழியில் ஒழுகியதற்கு நான் உங்களை எவ்வளவு பேசியிருப்பேன். இன்றைக்கு அதே மணத்துக்காகப் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு தரையிலேயே இருந்துவிட்டேன்.

வெளியே மழை. பல்லாரோ சந்தைக்காரர்கள் கத்துவது நின்றுவிட்டது. நாங்கள் இருவரும் வாடகையைப் பங்கிட்டு இருந்த இந்த வீட்டில் இப்போது கேட்பது குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல் மட்டும்தான். நீங்கள் இருந்தால் "மழைக்கு ஒரு தேத்தண்ணி போடன் பிள்ளை" என்று சொல்லியிருப்பீர்கள். நானும் "நீங்கள் எழும்பிப் போடுங்கோ" என்று சொல்லியிருப்பேன். கடைசியில் போடுவது நான்தான். இப்போது ஒருத்தருக்காகத் தேத்தண்ணி வைக்க அலுப்பாக இருக்கிறது, அக்கா. பல நாள் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்துவிடுகிறேன்.

ஓகஸ்ட் மாதத்து இத்தாலியை, எங்கள் பலேர்மோவை நினைத்துப் பார்க்கிறேன். கடை கண்ணியெல்லாம் அடைத்துவிடும். நாங்கள் வேலை செய்கிற வீட்டுச் சிஞ்ஞோராமார் கடற்கரை வீடுகளுக்குப் போய்விடுவார்கள். எங்கள் சனம் பெட்டி கட்டத் தொடங்கும். சொக்லட், சவர்க்காரம், கோப்பித்தூள், செண்டுப் போத்தல், மச்சாளுக்கு ஒரு கைப்பை, மச்சாளின் தங்கச்சிக்கு அதைவிடக் கொஞ்சம் சின்னக் கைப்பை. விடுமுறை என்றால் எங்களுக்கு அதுதான். ஊருக்குப் போவது, இல்லாவிட்டால் லண்டனிலோ ஜேர்மனியிலோ யாருடையவாவது கலியாணத்துக்குப் போவது. வெறுங்கையோடு போனால் மரியாதை இல்லை.

அந்த நாட்களில் எங்கள் வட்டாரத்தில் உங்களுக்கு நல்ல கிராக்கி. உங்கள் முழங்காலுக்கு அடங்காத பெட்டி இந்த ஊரில் கிடையாது. வீடு வீடாகப் போய்ச் சாமானை அடுக்கி, மூடிமேல் முழங்காலை ஊன்றி, "இப்ப சிப்பை இழு, இழு" என்று கத்துவீர்கள். எல்லாருடைய பெட்டியையும் கட்டி விமானத்துக்கு அனுப்பிவிட்டு, ஆளில்லாத தெருவால் தனியே நடந்து வீட்டுக்கு வருவீர்கள். உங்களுக்கென்று ஒரு பெட்டி கட்டியதே இல்லை.

ஏனென்று எனக்குத் தெரியும். மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து, வன்னிக்குள் ஊர் ஊராய் ஓடி, போரின் கடைசி நாட்களில் சனத்தோடு சனமாய் நடந்தபோது, "தண்ணி எடுத்துக்கொண்டு வாறன், இதிலையே நில்லும்" என்று சொல்லிவிட்டுப் போனவர் உங்கள் மனிசன். போனவர் போனவர்தான். செத்ததைக் கண்டவர்களும் இல்லை, பிடிபட்டதைக் கண்டவர்களும் இல்லை. "ஊருக்குப் போனால் வாசல்லையே கேப்பினம், ஏதும் தகவல் கிடைச்சுதோ எண்டு. பேந்து தங்களுக்குள்ளை கதைப்பினம், இன்னும் பொட்டு வைக்கிறாள் எண்டு. எனக்கு ஏலாது பிள்ளை." இதை ஒருமுறைதான் சொன்னீர்கள். அதற்குப் பிறகு நானும் கேட்கவில்லை.

வியட்நாம் எங்கிருந்து வந்தது? எல்லாம் நீங்கள் பராமரித்த சிஞ்ஞோராவால் வந்தது. கட்டிலோடு கிடந்த அந்த மனுசி மத்தியானச் சாப்பாடு முடிந்தால் தொலைக்காட்சியில் ஊர் சுற்றுகிற நிகழ்ச்சிதான் பார்ப்பா. ஒருநாள் கடலுக்குள் மலை மலையாய்க் கல் முளைத்து நிற்கிற இடத்தைக் காட்டினார்களாம். "எனக்கு இனிக் கால் இல்லை. நீ போய்ப் பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல்லு" என்றாவாம். அந்த ஓகஸ்டில் மகள் வந்து சிஞ்ஞோராவைத் தான் இருக்கிற தூரினோ நகரத்துக்குக் கூட்டிக்கொண்டு போக, நீங்கள் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமலே என்னிடம் கேட்டீர்கள்: "பிள்ளை, வியட்நாமுக்குப் போவமே?"

நான் சிரித்தேன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலடியில் எங்கள் சனம் சிரிக்கவில்லை, திகைத்தது.

"வியட்நாமோ? அங்கை உங்களுக்கு ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை."

"அப்ப என்னத்துக்குப் போறியள்?"

"ஒருத்தரும் இல்லை எண்டபடியால்தான்" என்றீர்கள். அவர்களுக்கு அது விளங்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் அப்போது விளங்கவில்லை.

ஹனோயில் இறங்கியதும் வெக்கை முகத்தில் ஈரத் துணி போட்டது போல ஒட்டிக்கொண்டது. பழைய நகரத்தின் ஒடுங்கிய சந்து ஒன்றில், முன்னுக்கு ஒரு கதவு அகலமும் பின்னுக்கு முடிவில்லாத நீளமுமான வீடு. அதுதான் எங்கள் விடுதி. அதை நடத்தியவர் லான் என்ற பெண். உங்கள் வயதுதான் இருக்கும். அரைகுறை ஆங்கிலம், முழுசான சிரிப்பு. அறைக்குள் வந்ததும் நீங்கள் பெட்டியைத் திறந்தீர்கள். நான் எட்டிப் பார்த்தேன். மேலே சொக்லட், அதற்குக் கீழே சவர்க்காரம், கோப்பித்தூள், பிஸ்தா வைத்த இனிப்பு, பிள்ளைகளுக்குப் பென்சில், பொம்பிளைகளுக்குக் கழுத்துத் துணி. ஒரு மூலையில் மட்டும் உங்கள் இரண்டு உடுப்பு.

"அக்கா, உங்களுக்கென்ன விசரே? உது ஆருக்கு? இஞ்சை ஆர் வந்து பெட்டியைச் சுத்தி நிக்கப் போயினம்?"

நான் கட்டிலில் விழுந்து சிரித்தேன். நீங்களும் சிரித்தீர்கள், கண் கலங்கும்வரை. பிறகு மூடியைத் தடவிக்கொண்டு சொன்னீர்கள்: "எத்தினை பேருக்குக் கட்டிக் குடுத்திருப்பன். எனக்கும் ஒருக்காக் கட்டிப் பாக்க வேணும் போல இருந்தது, பிள்ளை." எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அடியில் மடிப்புக் கலையாமல் ஒரு ஆம்பிளைச் சேட்டும் இருந்தது, நீலக் கட்டம் போட்டது. அதை நான் கண்டும் காணாத மாதிரி இருந்தேன்.

அடுத்த நாள் காலையில் இன்னொரு கூத்து. நான் கண்விழிக்கும் முன்னமே நீங்கள் கட்டிலை விரித்து, குளியலறையைத் தேய்த்து, கண்ணாடியைத் துடைத்து, குப்பையையும் கட்டிக் கதவடியில் வைத்துவிட்டீர்கள். தும்புத்தடியோடு வந்த லான் அப்படியே நின்றுவிட்டா. நாங்கள் வெளிக்கிட்டுப் போய்விட்டோம் என்று நினைத்தாவாம். ஆயுள் முழுக்க அடுத்தவர் வீட்டைத் துடைத்த கை, அக்கா. காசு கொடுத்துத் தங்கினாலும் அது சும்மா இருக்குமா? லான் உங்கள் உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுத் தன் உள்ளங்கையைப் பக்கத்தில் வைத்துக் காட்டினா. இரண்டும் ஒரே மாதிரிக் காய்ப்புப் பிடித்த கைகள். பெட்டியிலிருந்து முதல் சவர்க்காரம் அவவுக்குத்தான் போனது.

அதற்குப் பிறகு உங்களைப் பிடிக்க முடியவில்லை. சந்தில் கோப்பி ஊற்றுகிறவருக்குப் பலேர்மோக் கோப்பித்தூள். பழம் விற்கிறவவுக்குக் கழுத்துத் துணி. எதிர்வீட்டுப் பிள்ளைகளுக்குப் பென்சில். ஒவ்வொருவரிடமும் இரண்டு கையாலும் நீட்டிக் கொடுத்தீர்கள். அவர்களும் இரண்டு கையாலும் வாங்கினார்கள், அங்கே அதுதான் மரியாதை. ஊரில் மச்சாள்மார்கூட அப்படி வாங்கியதை நான் கண்டதில்லை. எங்கள் ஆட்கள் வாங்கும்போதே அடுத்தவளுக்கு என்ன கிடைத்தது என்றுதான் பார்ப்பார்கள்.

சாப்பாட்டுக் கதையைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் அங்கிருந்தே எழும்பி வந்துவிடுவீர்கள். தெருவோரம் பிள்ளைகளின் கதிரை போலப் பிளாஸ்டிக் முக்காலிகள், முழங்கால் காதைத் தொடுகிற மாதிரி இருந்தோம். ஃபோ என்கிற அந்த நூடில்ஸ் சூப்பில் எனக்கு மாட்டிறைச்சி வேண்டாம் என்று சொல்ல வார்த்தை தெரியவில்லை. தலையில் இரண்டு விரலைக் கொம்பாய் வைத்து "நோ" என்றேன். பிறகு முழங்கையை அடித்துக் கோழியானேன். முக்காலிகளில் இருந்த அத்தனை பேரும் சிரிக்க, நீங்கள் எனக்குக் கை தட்டினீர்கள். கோழிச் சூப்பு வந்தது. பக்கத்தில் ஒரு தட்டு நிறையப் பச்சை இலைகள். ஒரு இலையைக் கடித்துவிட்டுத் துப்பினேன், பச்சை மீன் மணம்.

நீங்கள் மட்டும் அதை மென்றுகொண்டே இருந்தீர்கள். "மீன் இல்லாத நாளிலை உதைத் தின்னலாம்" என்றீர்கள். மீன் சோஸில் விரலைத் தோய்த்து நக்கிவிட்டு, "எங்கடை கடற்கரையிலை கருவாடு போடுற வாடி மணக்குது" என்று சொன்னபோது உங்கள் முகம் எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. அவ்வளவு வடிவாக இருந்தீர்கள்.

பிறகு ஹாலோங் விரிகுடா. பச்சைக் கடல், அதற்குள் காடு முளைத்த கற்கள், ஒன்றுக்குப் பின்னால் ஒன்று மங்கிக்கொண்டே போகிற கற்கள். மன்னார்க் கடலில் வளர்ந்த நீங்கள் படகின் முன்பக்கத்தில் நின்று, "தட்டையாய்க் கிடக்கிற கடலைத்தான் எனக்குத் தெரியும். உவ்வளவு கல்லையும் ஆர் கொண்டந்து நட்டது?" என்றீர்கள். தூரினோவுக்கு வீடியோவில் அழைத்து, போனைக் கடலுக்கு நேரே பிடித்தீர்கள். சிஞ்ஞோரா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தொப்பி போட்டிருக்கிறாயா?" என்று மட்டும் கேட்டா. நீங்கள் இல்லாத தொப்பியைப் போட்டிருப்பதாகச் சொன்னீர்கள்.

போனை வைத்துவிட்டுச் சொன்ன வார்த்தை எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "இவ்வளவு தூரம் வந்தும் ஒருத்தரும் என்னட்டை ஒண்டும் கேக்கேல்லை, பிள்ளை. என்ன சுகமாக் கிடக்கு." அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது, ஒருவரும் இல்லாத இடத்துக்கு ஏன் வந்தீர்கள் என்று. அந்தச் சுகம் உங்களுக்கு இன்னும் கொஞ்ச நாள் கிடைத்திருக்கலாம்.

ஹனோய்க்குத் திரும்பி வந்த பிறகு, ஒரு பின்னேரம் லானோடு நிலத்தில் இருந்து இலை ஆய்ந்துகொண்டிருந்தீர்கள். சும்மா இருக்கத் தெரியாதே உங்களுக்கு. அந்த நாட்டில் வயதையும் குடும்பத்தையும் கேட்டால்தான் ஒருவரை அக்கா என்பதா தங்கச்சி என்பதா என்று தெரியுமாம். அதனால் எல்லாரும் எல்லாரையும் கேட்பார்கள். லானும் கேட்டா. "கணவர்? எங்கே?"

நான் பேச்சை மாற்றப் பார்த்தேன். நீங்கள் இலையைக் கீழே வைக்காமலே உங்கள் துண்டு ஆங்கிலத்தில் சொன்னீர்கள்: "போர். வரவில்லை."

லான் தன் நெஞ்சைத் தொட்டா. "என் அப்பா. போர். வரவில்லை." கைக்குழந்தையாக இருந்தபோது போனவராம். அவவுடைய அம்மா கனகாலம் வாசலைப் பார்த்திருந்துவிட்டு, ஒரு வருடம் அவருக்கென்று ஒரு காகிதச் சட்டை வாங்கினாவாம். இருவருமாக இலை முழுவதையும் ஆய்ந்து முடித்தீர்கள்.

நாங்கள் போனது அவர்கள் செத்தவர்களுக்குப் படைக்கிற மாதம். தெருவொன்றில் கடைகடையாய்க் காகிதச் சாமான் தொங்கியது. சட்டை, சப்பாத்து, மூக்குக்கண்ணாடி, மோட்டார் சைக்கிள், எல்லாம் காகிதம். எரித்தால் புகையோடு அங்கே போய்ச் சேருமாம். "அக்கா, செத்தவைக்குப் போனும் இருக்கு. சார்ஜரைக் காணேல்லை" என்று நான் பகிடி விட்டேன். நீங்கள் சிரிக்கவில்லை. "நாங்கள் உயிரோடை இருக்கிறவைக்குப் பெட்டி கட்டுறம், இவை செத்தவைக்குக் கட்டுகினம்" என்று மெல்லச் சொன்னீர்கள். பிறகு, "எனக்கு ரெண்டிலும் இடமில்லை" என்றீர்கள். அந்தச் சனக் கூட்டத்துக்குள் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

நாங்கள் புறப்படுவதற்கு முதல் நாள் லான் வாசலில் படையல் வைத்தா. சோறு, பழம், உப்பு, ஊதுபத்தி. பக்கத்தில் ஒரு தகர வாளிக்குள் நெருப்பு. தன் அப்பாவின் சட்டையை இரண்டு கையாலும் நெருப்பில் வைத்துவிட்டு உள்ளே போய் இன்னொன்று எடுத்துக்கொண்டு வந்தா. நீலக் காகிதச் சட்டை, காகிதப் பொத்தான், மடித்த கழுத்து. உங்களிடம் நீட்டினா. நீங்கள் இரண்டு கையாலும் வாங்கினீர்கள். அவ பேனாவையும் எடுத்தா, பெயரை எழுத. "பெயர்?"

அக்கா, நெருப்பு வாளியில் எரிந்துகொண்டிருந்தது. லானின் பேனா காத்திருந்தது. எழுதி நெருப்பில் வைத்திருந்தால் உங்களுக்கு ஒரு முடிவு கிடைத்திருக்கும். அழுதிருப்பீர்கள், நானும் அழுதிருப்பேன், பிறகு ஊருக்கும் போய் வந்திருக்கலாம். எரிச்சுவிடுங்கோ அக்கா என்று சொல்ல வாய் வரை வந்தது. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள்.

"எரிச்சுப்போட்டு, நாளைக்கு அந்தாள் வந்து நிண்டால் நான் என்னெண்டு சொல்லுறது?"

அதைத் தமிழில்தான் சொன்னீர்கள். லானுக்கு எப்படி விளங்கியதோ, பேனாவை மூடிவிட்டா. சட்டையை மீண்டும் மடித்து, கசங்காமல் ஒரு துணியில் சுற்றி உங்கள் மடியில் வைத்தா. பிறகு உங்களுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து நெருப்பு அணையும்வரை உங்கள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தா. அவவிடம் சொல்லிக்கொண்டு புறப்படும்போது உங்கள் பெட்டி காலியாகப் போகவில்லை. தாமரைத் தேயிலை, எள்ளுருண்டை, அந்த ஒழுகின போத்தல். சந்துச் சனம் எல்லாம் தந்தது. "உங்கள் குடும்பத்துக்கு" என்று சொல்லித்தான் தந்தார்கள். நீங்களும் "ஓம் ஓம்" என்று வாங்கிக்கொண்டீர்கள். பலேர்மோவுக்கு வந்து கோயிலடியில் எல்லாருக்கும் பங்கிட்டபோது நீங்கள் எவ்வளவு பெருமையாய் நின்றீர்கள்! நீலக் கட்டச் சேட்டும் காகிதச் சட்டையும் மட்டும் பெட்டிக்குள்ளேயே இருந்துவிட்டன.

இந்த வீட்டுக் கீழ்க்கதவு மணி அடித்தால் நீங்கள்தான் முதலில் ஓடுவீர்கள். இன்டர்கொம்மை எடுத்து, "ஆர்?" என்று தமிழில் கேட்டுவிட்டுத்தான் இத்தாலியனில் "கி யே?" என்பீர்கள். "தபால்காரனுக்குத் தமிழ் தெரியுமே?" என்று நான் எத்தனை தரம் பகிடி பண்ணினேன். ஹனோயிலிருந்து வந்த பிறகு அந்தப் பகிடியை விட்டுவிட்டேன்.

பிறகு உங்களுக்கு வருத்தம் வந்தது. ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் உங்களுக்குப் பேச்சுக் குறைந்துவிட்டது. ஒரு முறை மட்டும் என்னைக் கண்டு, "வீட்டிலை ஆர் நிக்கினம்?" என்று கேட்டீர்கள். ஆள் நிற்கிறது என்று பொய் சொன்னேன். நிம்மதியாய்க் கண்ணை மூடினீர்கள். அந்தப் பொய்க்காக நான் வருந்தவில்லை.

இந்த ஊரில் ஒருவர் போனால் சுவரில் அறிவித்தல் ஒட்டுவார்கள் அல்லவா? அதை அச்சடிக்கிற மனிதர் உங்கள் பெயரை எழுதிவிட்டுத் தலை நிமிராமல் கேட்டார்: "வேதோவா?" விதவைதானே என்று. கோயில் ஆட்கள் ஓம் என்று தலையாட்டினார்கள். நான் முன்னுக்குப் போய், "இல்லை. ஸ்பொசாத்தா. கலியாணம் செய்தவ" என்றேன்.

"என்ன பிள்ளை கதைக்கிறாய்? அந்தாள் செத்தது ஊருக்கே தெரியும்."

"நீங்கள் கண்டனீங்களே?" என்று கேட்டேன். கொஞ்சம் பலமாகத்தான் கேட்டேன். அந்த மனிதர் நான் சொன்னபடியே அச்சடித்தார். சந்தைக்குப் போகும் தெருவிலும் கோயில் சுவரிலும் நீங்கள் ஒருவரின் மனைவியாகவே இருந்தீர்கள். மழை வந்து கரைக்கும்வரை நான் அந்தப் பக்கத்தால் சுற்றித்தான் வேலைக்குப் போனேன்.

உங்களைச் சேமக்காலையில் அடக்கம் செய்துவிட்டு வந்ததும் வீட்டுக்காரர் கீழ்மணிப் பலகையில் உங்கள் பெயரைக் கழற்றிவிடலாமே என்றார். இல்லை என்றேன். பிறகும் கேட்டார். அறைக்கு வேறு ஆளைச் சேர்த்தால் வாடகை பாதியாகும் என்று எல்லாரும் புத்தி சொல்கிறார்கள். தனிமை என்னைத் தின்னத்தான் செய்கிறது, அக்கா. பொழுதுபட்டால் சுவரோடு கதைக்கிறேன். ஆனால் அந்தப் பலகையில் வேறு பெயர் வந்தால், தேடி வருகிறவர் எந்த மணியை அடிப்பார்? உங்கள் மனிசனை நான் கண்டதில்லை. படமும் நீங்கள் காட்டியதில்லை, ஓடும்போது படமெல்லாம் போய்விட்டது என்றீர்கள். நீலக் கட்டச் சேட்டை வைத்து ஆளின் அகலம் மட்டும் தெரியும். இப்போது அவர் வருவார் என்று காத்திருப்பது நான்தான். வந்தால் உங்களைப் பற்றி நான்தான் சொல்லவேண்டும். அந்தச் சேட்டைக் கொடுக்கவேண்டும். காகிதச் சட்டையை உங்களுக்காக எரிப்பதா வேண்டாமா என்று அவரே சொல்லட்டும்.

பெட்டியைத் திரும்ப மூடி அலுமாரிக்கு மேலேயே ஏற்றிவிட்டேன். கலியாணத்துக்கு வேறு பெட்டி வாங்கிக்கொள்ளலாம். நான் ஊரில் நிற்கிற நாட்களில் மணி அடித்தால் என்ன செய்வது என்று கீழ்வீட்டுக்காரியிடம் சொல்லி வைக்கவேண்டும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் கீழ்மணி அடித்தது. விளம்பரத் தாள் போடுகிறவராக இருக்கும், இல்லாவிட்டால் யாராவது மழைக்கு ஒதுங்கக் கதவைத் திறக்கச் சொல்லி அடிப்பார்கள். தெரியும். தெரிந்தும் எழும்பி ஓடினேன். இன்டர்கொம்மைக் காதில் வைத்து, மழைச் சத்தத்துக்கு மேலால் சத்தமாகக் கேட்டேன்:

"ஆர்?"